பகலில் தண்ணீர் குடிக்காத வளவு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிமாரே, ஊசி போடுவதைப் பற்றியும் ரத்த அழுத்தம் பார்ப்பதைப் பற்றியும் நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அதெல்லாம் பயிற்சியிலேயே வந்துவிடும். பதிவேடு எழுதுவதைப் பற்றிச் சொல்லலாம் என்றால், நீங்கள் எல்லாவற்றையும் போனில் ஏற்றுகிறீர்கள். அது எனக்கே தெரியாது. நான் எழுத உட்கார்ந்தது, ஒரு கர்ப்பிணியின் அட்டையில் என் கையால் எழுதிய இரண்டு வார்த்தைகளைப் பற்றி. அதைவிட அதிகமாக, அந்த வார்த்தைகளை என்னையே அடித்துத் திருத்த வைத்த பேச்சியம்மாளைப் பற்றி.

எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஓய்வு பெறும்வரை வேலை இராஜபாளையத்தில், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக. என் பொறுப்பில் இருந்த தெருக்களில் ஒன்று, ஒரு நூற்பாலையின் பின்மதிலை ஒட்டிப் போகும் சந்து. அந்தச் சந்தில் ஒரு வளவு இருந்தது. நடுவில் ஒரு நடைபாதை, அதன் இரண்டு பக்கமும் ஆறு ஆறு அறைகள், பன்னிரண்டு குடும்பம். பின்பக்கம் மில் மதில் என்பதால் காற்று வராது. பங்குனியில் ஏறும் சூடு ஆவணி வரைக்கும் தளத்தை விட்டு இறங்காது. வளவின் வாசலில், தெருவைப் பார்த்தபடி இரண்டு கக்கூஸ்கள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. இரண்டின் கதவும் தெருவில் திறக்கும். உள்ளே குழாய் கிடையாது. வளவுக்குள் இருக்கும் குழாயில் வாளியில் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும். நேர் எதிரே ஒரு டீக்கடை. மில்லில் ஷிப்ட் முடிந்து வருபவர்களும் ஷிப்டுக்குப் போகிறவர்களும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்தக் கடை பெஞ்சில் இருப்பார்கள்.

இதையெல்லாம் நான் பல வருடம் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பதைத் தாண்டி ஒன்றும் செய்ததில்லை.

அந்த வளவுப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் பேண்டேஜ் கம்பெனிகளில் வேலை பார்த்தார்கள். காயத்துக்குக் கட்டுப்போடும் காஸ் துணியை வெட்டுவது, மடிப்பது, சுற்றுவது. மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் வந்து, சத்தமில்லாமல், "நர்சக்கா, ஒண்ணுக்குப் போனா எரியுது" என்பார்கள். சிலருக்கு விலாவில் வலி, சிலருக்குக் கல். மாத்திரை கொடுப்பேன். கூடவே ஒரு பிரசங்கமும் செய்வேன். இந்த ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு எம்புட்டுத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று விரலை மடக்கிச் சொல்வேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒரு முகாமில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தோம். காலையில் வேலைக்குப் போகும்போது எல்லார் பையிலும் பாட்டில் நிறைந்திருப்பதைப் பார்த்து எனக்குப் பெருமை. சாயங்காலம் அது நிறைந்தபடியே திரும்பி வந்ததை நான் பார்க்கவில்லை. சாயங்காலம் நான் பஸ்ஸில் இருப்பேன்.

பேச்சியம்மாள் அந்த வளவுக்கு வந்தபோது அவளுக்கு இருபத்துநாலு வயது. பிறந்த ஊர் மகாராஜபுரம். புருஷன் கருப்பசாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்து இரண்டு நாள்தான் இருந்தது. இரண்டாவது முறை உண்டாகி என்னிடம் பதிய வந்தபோது, அதைச் சொல்லிவிட்டு அவள் என் மேசையில் இருந்த அளவு நாடாவைச் சுருட்டிச் சுருட்டி வைத்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. இந்தப் பிள்ளையை எப்படியும் நல்லபடியாகக் கையில் கொடுக்கவேண்டும் என்று அன்றைக்கு எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் ஐந்தாம் மாதத்துக்குள் அவளுக்கு மூன்று தடவை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. மூன்றாவது தடவை வந்தபோது சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது.

"ஏட்டி, நான் ஒங்கிட்டப் பேசுதேனா, செவத்துக்கிட்டப் பேசுதேனா? தண்ணி குடின்னு எத்தன தடவ சொல்லிட்டேன்?"

"குடிக்கேன் நர்சக்கா."

"குடிச்சா இப்படியா இருக்கும்? ஒரு பிள்ளைய விட்டுட்டு நிக்க. இன்னும் புத்தி வரலையா?"

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் மாத்திரையை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு போனாள். நான் அவள் அட்டையில், குறிப்பு என்று இருந்த இடத்தில் எழுதினேன்: "அறிவுரையைப் பின்பற்றுவதில்லை."

ஏழாம் மாதம், சித்திரை. செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். வராந்தா முழுக்க ஆள். எங்கள் டாக்டர் அன்றைக்கு மாவட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தார். பேச்சியம்மாளுக்குப் பதிலாக அவள் மாமியார் வந்து வரிசையில் நின்றார்.

"பேச்சி வரல தாயி. மேலுக்குச் சூடா இருக்குன்னு படுத்திருக்கா. எளநி வெட்டிக் குடுத்திருக்கேன். மாத்திரை இருந்தாக் குடுங்க."

கையில் இருந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா வாசல் வரைக்கும் போய், தற்செயலாகத் திரும்பி, "போர்வை வேற கேக்கா. இந்த வெக்கைல யாரு போர்வை வச்சிருக்கா, எம் சேலையத்தான் போத்தி விட்டுட்டு வந்தேன்" என்றார்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. சித்திரை வெயிலில், அந்த வளவில், ஏழு மாதக் கர்ப்பிணி போர்வை கேட்கிறாள் என்றால் அது குளிர் நடுக்கம். மூன்று தடவை நீர்க்கடுப்பு வந்தவளுக்குக் குளிர் நடுக்கம் என்றால் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எதிரே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். டாக்டர் இல்லை. நான் எழுந்து போனால் கேள்வி வரும். இந்த மாதிரி நேரத்தில் மனம் ஒரு வேலை செய்யும், தங்கச்சிமாரே. "கூட்டம் முடிந்ததும் போவோம்" என்று ரொம்ப நியாயமாகப் பேசும். அதைக் கேட்காதீர்கள். நான் கூட இருந்த லேப் பெண்ணிடம், "எடை பாத்து உக்கார வை, நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு மாமியாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பேச்சியம்மாள் தரையில் சுருண்டு கிடந்தாள். பல் அடித்துக்கொண்டது. வலது விலாவைத் தொட்டதும் கத்தினாள். வயிற்றில் கையை வைத்தேன். கல் மாதிரி இறுகியது, கொஞ்ச நேரத்தில் தளர்ந்தது, திரும்ப இறுகியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுவும் போயிருமாக்கா?" என்று கேட்டாள்.

நான் நூற்றெட்டுக்குப் போன் போட்டேன். மாமியார் பயந்துவிட்டார். "கருப்பசாமி சங்கரன்கோயிலுக்கு லோடு எறக்கப் போயிருக்கான். அவன் வந்துரட்டும் தாயி. அவனக் கேக்காம ஆஸ்பத்திரிக்கு அனுப்புனா என்னைய ஏசுவான்."

"என்னைய ஏசச் சொல்லுங்க. நான்தான் தூக்கிட்டுப் போனேன்னு சொல்லுங்க" என்றேன்.

அரசு ஆஸ்பத்திரியில் அன்று பணியில் இருந்த பெண் டாக்டர் என்னைவிடப் பத்து வயது இளையவர். பார்த்த உடனே வேலையை ஆரம்பித்துவிட்டார். கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது, அதனால் வலி கண்டிருக்கிறது, நிறுத்தப் பார்ப்போம், இரண்டு நாள் தாண்டவேண்டும் என்றார். எல்லாம் முடிந்து கையைக் கழுவும்போது பேச்சியம்மாளின் அட்டையைப் பார்த்தார். என் எழுத்தையும் பார்த்தார்.

"மூணு தடவ வந்திருக்கு. ஏன் வருதுன்னு கேட்டீங்களா சிஸ்டர்?"

"தண்ணி குடிக்க மாட்டேங்கா டாக்டர்."

"சரி. ஏன் குடிக்க மாட்டேங்கான்னு கேட்டீங்களா?"

குரலை உயர்த்தவே இல்லை. அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த டாக்டரோடு அதற்கப்புறம் நான் பேசிய சந்தர்ப்பம்கூட அதிகம் இல்லை. ஆனால் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால் முதலில் அவரைத்தான் சொல்வேன்.

இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் வலி நின்றிருந்தது. காய்ச்சல் இறங்கியிருந்தது. வேலை முடிந்து போனேன். ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினேன். பேச்சியம்மாள் வாங்கவில்லை.

"எக்கா, இங்க கக்கூஸ் எங்கன இருக்கு?"

"போகணுமா?"

"இல்ல. எங்கன இருக்குன்னு பாத்துக்கிடுதேன்."

குளுக்கோஸ் பாட்டிலை நான் தூக்கிப் பிடித்துக்கொள்ள, மெல்ல எழுந்து நடந்தாள். வார்டின் கோடியில் கக்கூஸ். கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். குழாயைத் திருகிப் பார்த்தாள். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, திரும்ப எடுத்தாள். பிறகு கட்டிலுக்கு வந்து உட்கார்ந்து, தம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்று ஊற்றினேன். அதையும் குடித்தாள்.

"இன்னும் இருக்கா?" என்றாள்.

மூன்றாவது தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பேசினாள். "நர்சக்கா, தப்பா நெனைக்காதிய. நீங்க வரும்போதெல்லாம் தண்ணி குடி, தண்ணி குடின்னு சொல்லுதிய. குடிச்ச தண்ணி வெளிய வரணும்லா? அதுக்கு எங்க போறதுன்னு ஒருநாளாவது சொன்னியளா? விடியுமுன்ன எந்திரிச்சுப் போவோம். பொறவு இருட்டுனாத்தான். நடுவுல போகணும்னா வாளியத் தூக்கிட்டு அம்புட்டு ஆம்பளைக முன்னாடியும் நடக்கணும். கம்பெனிலயும் அதே கததான். சூப்பர்வைசர் மேசைக்குப் பின்னாடி ஒரே ஒரு கக்கூசு. அதான் குடிக்கிறதில்ல. நான் மட்டும் இல்ல, வளவுல ஒருத்தியும் குடிக்கிறதில்ல."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கு என் முகம் தெரியவேண்டாம் என்று.

நான் உடனே மனு எழுதி யாரிடமாவது கொடுத்திருப்பேன். அதுதான் நமக்குப் பழக்கம். ஆனால் அந்த டாக்டரின் கேள்வி உறைத்திருந்தது. எனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி மனு எழுதி என்ன? அந்தச் சனிக்கிழமை லீவு போட்டேன். காலையில் எட்டு மணிக்கு வளவுக்குப் போய், பேச்சியம்மாளின் மாமியாரிடம், "இன்னைக்கு இங்கதான் இருக்கப்போறேன். நீங்க இருக்கிற மாதிரியே" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

வீட்டில் இருந்து காப்பி குடித்துவிட்டு வந்திருந்தேன். பதினோரு மணிக்குத் தாங்கவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நடந்தேன். வாசலைத் தாண்டியதும் டீக்கடை. தப்பாகச் சொல்லக் கூடாது; யாரும் ஒரு வார்த்தை கிண்டல் பேசவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவ்வளவுதான். பிள்ளைக்குத் தடுப்பூசி போட என்னிடம் வரும் ஒருவர் எழுந்து, "வணக்கம் நர்சம்மா" என்று கும்பிட்டார். நான் வாளியோடு அவருக்குப் பதில் வணக்கம் சொல்லிவிட்டு, தண்ணீரைத் தெருவில் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அறுபது வயதை நெருங்குகிறவள், ஊரெல்லாம் தெரிந்த நர்ஸ், என்னால் அந்தக் கதவைத் திறக்க முடியவில்லை.

மூன்று மணிக்கு அடிவயிறு வலித்தது. அன்றைக்கு மேலுக்கு முடியாமல் வேலைக்குப் போகாதிருந்த ஒன்பதாம் நம்பர் வீட்டுச் சண்முகத்தாய் நான் நெளிவதைப் பார்த்துச் சிரித்தார். ஐம்பத்திரண்டு வயது. பேண்டேஜ் கம்பெனியில் முப்பது வருடமாக வேலை. "மொத நாளு அப்படித்தான் இருக்கும் நர்சம்மா. பொறவு பழகிரும்" என்றார்.

அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே வீக்கம். காலை அழுத்திப் பார்த்தேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. திங்கட்கிழமையே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். இரண்டு சிறுநீரகமும் பெரும்பாலும் போய்விட்டன என்று வந்தது. கல், அடைப்பு, திரும்பத் திரும்பக் காய்ச்சல் என்று அவருக்கு வருடக்கணக்கில் இருந்திருக்கிறது. ஒரே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றார் மதுரையில் அவரைப் பார்த்த சிறுநீரக டாக்டர். ஆனால் தண்ணீரே குடிக்காமல் இத்தனை வருடம் இருந்ததும் ஒரு காரணம் என்றார். பழகிவிடும் என்று சண்முகத்தாய் நினைத்திருந்தார். உள்ளே இருந்த உறுப்புகள் பழகவில்லை.

வளவில் இருந்த அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே பேச்சியம்மாளின் அட்டையில் நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பக்கத்திலேயே எழுதினேன்: "வீட்டில் பகலில் பயன்படுத்தக் கழிப்பறை இல்லை." கையெழுத்தும் போட்டேன்.

வளவு, கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாயுடையது. வாடகையை அவர் கடைப் பையன்கள்தான் வந்து வாங்குவார்கள். அவர் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை. நான் தனியாகப் போய்ப் பேசுவதாக இருந்தேன். பேச்சியம்மாள் நானும் வருவேன் என்றாள். எட்டாம் மாதம் அப்போது. கருப்பசாமி கோபப்பட்டான்.

"கக்கூசுக்காகப் போய் வீட்டுக்காரர்கிட்ட நிப்பியா? காலி பண்ணுன்னு சொல்லிட்டா எங்க போவ, இந்த வயித்தோட?"

"காலி பண்ணிட்டா வேற வீட்டுக்குப் போவோம். புள்ள போனா எங்கிட்டுப் போய்த் தேடுவ?" என்றாள் பேச்சியம்மாள். கடை வாசல் வரைக்கும் அவனே ஆட்டோவில் கொண்டுவந்து விட்டான். உள்ளேதான் வரவில்லை.

கடையில் நல்ல கூட்டம். பாய் மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுகாதார வசதி, கழிப்பறை மேம்பாடு என்று நோட்டீஸில் வருகிற மாதிரி பேசினேன். அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க சிஸ்டர், பாக்கலாம்" என்றார். நான் எழுந்திருக்கப் போனேன். பேச்சியம்மாள் எழுந்திருக்கவில்லை.

"பாய், நான் ஒங்க வளவுல நாலாம் நம்பர் வீடு" என்றாள். "எங்க வளவுல பொம்பளைக விடிஞ்சதுலருந்து பொழுது சாயுற வரைக்கும் ஒண்ணுக்குப் போறதில்ல. போனா ஆம்பளைக பாப்பாவன்னு போறதில்ல. போகக் கூடாதேன்னு தண்ணி குடிக்கிறதில்ல. அதுல எனக்குக் கிருமி ஏறி, இந்தப் புள்ள போகப் பாத்துச்சு. சண்முகத்தாய் அக்காவுக்குக் கிட்னி போயிட்டு. நீங்க குறையா ஒண்ணும் செய்யல, ஒங்களுக்குத் தெரியாது. அதான் சொல்ல வந்தேன்."

சேலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த பையன் கை நின்றது. வாங்க வந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சியம்மாளின் முகம் சிவந்து, நெற்றி வேர்த்திருந்தது. ஆனால் தலை குனியவில்லை. நான் முப்பது வருடம் மேடையேறிப் பேசியவள். அப்படி ஒரு பேச்சை ஒருநாளும் பேசியதில்லை.

பாய் மேசையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க போய்ட்டு வாங்கம்மா" என்றார். காரியம் கெட்டது என்று நினைத்துக்கொண்டுதான் வந்தோம். அன்று முழுக்க வளவில் ஆளுக்கொரு பேச்சு. இரண்டு குடும்பத்தார் பேச்சியம்மாளை ஏசவும் செய்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் வந்தார். கூட அவர் மனைவி ஆமினா அம்மா, பின்னால் ஒரு கொத்தனார். பேச்சியம்மாள் எனக்குப் போன் செய்ததும் பஸ் ஏறிப் போனேன். நான் போனபோது ஆமினா அம்மா பேச்சியம்மாளின் வீட்டில், தரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு; அடிக்கடி போகவேண்டி வரும். செத்த நேரத்தில் எழுந்தார். பேச்சியம்மாள் வாளியை எடுத்துக் கொடுத்தாள். பர்தாவோடு, வாளியைத் தூக்கிக்கொண்டு, அந்த அம்மா நடைபாதை முழுக்க நடந்து வாசலுக்குப் போனார். டீக்கடையில் பேச்சு நின்றது. அங்கேயே ஒரு நிமிடம் நின்றுவிட்டு, அதே வாளியோடு திரும்பி வந்தார். புருஷனைப் பார்த்து, "நான் வீட்டுக்குப் போயே போய்க்கிறேன்" என்றார். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

பாய் அதற்குப் பிறகு யாரிடமும் எந்தக் காரணமும் கேட்கவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டார்.

கக்கூஸைப் பின்பக்கம் மாற்றவேண்டும் என்றால் தொட்டியையும் புதிதாகத் தோண்டவேண்டும், அதற்கு இடம் இல்லை என்றார் கொத்தனார். நாங்கள் முகத்தைத் தொங்கப்போட்டோம். அவர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "எதுக்கு மாத்தணும்? கதவத் திருப்பி வச்சா என்ன?" என்றார். தெருப்பக்கக் கதவை எடுத்துவிட்டு அடைத்துவிடுவது. வளவுக்குள் பார்த்து வாசல் உடைப்பது. வளவுக் குழாயிலிருந்து உள்ளே ஒரு குழாய் இழுப்பது. முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு மறைப்புச் சுவர். அவ்வளவுதான். ஒரு காலத்தில் அந்த வளவில் மில்லில் வேலை பார்த்த ஆண்கள் மட்டும் தங்கியிருந்திருக்கிறார்கள். அப்போது தெருவைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். குடும்பங்கள் வந்த பிறகும் கதவு அப்படியே இருந்துவிட்டது. அதைத் திருப்பவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

வேலை ஐந்து நாள் நடந்தது. அந்த ஐந்து நாளும் ஆமினா அம்மா தன் வீட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்திருந்தார். பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து போய் வருவார்கள். போனவர்களை டீ குடிக்காமல் அனுப்பமாட்டாராம். டீக்கடைக்காரரும் ஒருநாள் தானாக வந்து, "எனக்கு ஒறைக்கவே இல்லம்மா" என்று பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டு, மறைப்புச் சுவருக்கு மணல் அள்ளிப் போட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பேண்டேஜ் கம்பெனியில் நான் தோற்றுத்தான் போனேன். இரண்டு முறை போய்ப் பேசினேன். நல்லபடியாகப் பேசி அனுப்பிவிட்டார்கள், ஒன்றும் மாறவில்லை. மேலே எழுதினேன், அங்கேயும் நகரவில்லை. பிள்ளை பிறந்து வேலைக்குத் திரும்பிய பிறகு, பேச்சியம்மாள்தான் கூட வேலை பார்க்கும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு முதலாளியிடமே கேட்டு, சூப்பர்வைசர் மேசையை வேறு மூலைக்கு மாற்ற வைத்தாள். இன்னொரு கக்கூஸ் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். நான் ஓய்வு பெறும்வரை கட்டவில்லை.

பிள்ளை பத்தாம் மாதத்தில் பிறந்தது. பெண். எடை போடும்போது நான் இருந்தேன். கருப்பசாமி வராந்தாவில் நின்றுகொண்டு உள்ளே வரப் பயந்தான். மாமியார்தான் பிள்ளையைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தார். பேச்சியம்மாள் தூங்கிவிட்டாள். அவள் அப்படி அடித்துப்போட்ட மாதிரி தூங்கி நான் பார்த்ததே இல்லை.

அதற்கப்புறம் அந்த வளவிலிருந்து நீர்க்கடுப்பு என்று வருகிறவர்கள் வெகுவாகக் குறைந்துபோனார்கள். புதிதாக ஒரு மருந்தும் நான் கொடுக்கவில்லை. சண்முகத்தாய்க்கு மட்டும் நாங்கள் பிந்திவிட்டோம். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். அவரைப் பார்க்கப் போகும்போது ஒருநாள் சொன்னார்: "கக்கூசு இப்ப எட்டி நடந்தா வந்துருது நர்சம்மா. ஆனா ஆஸ்பத்திரில தண்ணிய அளந்துதான் குடிக்கணும்ங்காவ." சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஆனால் அந்த மனுஷி ஒரு காரியம் செய்தார். வளவுக்குப் புதிதாகக் குடிவரும் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தன் கதையை முழுக்கச் சொல்வார். நான் பல வருடம் தொண்டை வற்றச் சொல்லி நடக்காதது அவர் ஒரு தடவை சொன்னால் நடந்தது.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு தெருவில் ஒரே நோய் திரும்பத் திரும்ப வந்தால், அந்த ஆட்களைத் திட்டுவதற்கு முன்னால் அந்த வீட்டைப் பாருங்கள். ஜன்னல் எந்தப் பக்கம், அடுப்பு எங்கே, கதவு யாரைப் பார்த்துத் திறக்கிறது என்று பாருங்கள். முடிந்தால் ஒரு பகல் முழுக்க அங்கே இருங்கள். படிப்பில்லாதவர்கள், சொன்னதைக் கேட்காதவர்கள் என்று நாம் நினைக்கிறவர்கள், இருக்கிற இடத்துக்கு ஏற்றபடி ரொம்பக் கணக்காகத்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்குக்கு அவர்களுடைய உடம்பு பலியாகிக்கொண்டிருக்கும்.

நான் ஓய்வு பெற்ற வருடம், உங்களைப் போலவே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கணக்கெடுப்புக்காக அந்தத் தெருவுக்கு வந்தாள். இடம் காட்ட நானும் போயிருந்தேன். நாலாம் நம்பர் வீட்டு வாசலில் நின்று போனைப் பார்த்துக் கேட்டாள்: "கழிப்பறை வசதி உண்டா, இல்லையா?"

"உண்டு" என்றாள் பேச்சியம்மாள்.

அந்தப் பெண் அடுத்த கேள்விக்கு நகரப் போனாள். எத்தனை வருடம் அதே கேள்விக்கு அதே பதிலை நானும் குறித்துக்கொண்டு நகர்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பேச்சியம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அதோட விட்டுறாத பாப்பா. பகல்ல போக முடியுதான்னு கேளு."

"அதுக்கு இதுல எடம் இல்லக்கா."

"எடம் இல்லன்னா ஒரு தாள்ல எழுதிக்க. அடுத்த சந்துல இதே மாதிரி இன்னொரு வளவு இருக்கு. வா, நான் கேட்டுக் காட்டுதேன்."

இடுப்பில் இருந்த மகளை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். அந்தப் பெண் பைக்குள் தாளைத் தேடிக்கொண்டே பின்னால் ஓடினாள். நான் அவர்கள் இருவருக்கும் பின்னால் போனேன்.